ஆளில்லாத ரோடும் அடுப்போடு வரும் வேனும்

மக்களே, ரொம்ப நாள் கழித்து ஒரு சண்டைப் பதிவு. படித்துவிட்டு ஆட்டோ அனுப்பாதீர்கள்.

புனேயில் நாங்கள் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் மிதிப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். (ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் இப்போது விடிகாலை ஐந்தரைக்கு முன்னால் கிளம்பினால்தான் உயிரோடு திரும்பலாம். அது தனிப் புலம்பல், இன்னொரு நாள்.) வருகிற அக்டோபரில் ஸ்பெயினில் எட்டு நாள் சைக்கிள் பயணம் என்று பேச்சு. வறண்ட நாட்டுப்புறச் சாலைகளாகப் பார்த்துப் போவதாகத் திட்டம். திட்டம் போட்டவர் எங்கள் கோயம்புத்தூர் நண்பர். நாலு பக்கத்துக்கு அட்டவணை அனுப்பியிருந்தார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, இரண்டு வரிகளைத் தவிர.

ஒன்று: "ஆள் அரவமே இல்லாத ரோடு. கார் கிடையாது, கடை கிடையாது, கூட்டம் கிடையாது. சொர்க்கம்!"

இரண்டு: "சமையல்காரர், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் வேனில் பின்னாலேயே வரும். வழியில் எந்த ஊரிலும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை."

நான் வேன் வேண்டாம் என்றேன். "ஏனுங்க, எல்லாத்துலயும் அரசியல் பண்ணியே ஆகோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். போனில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தச் சாலைகளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. 2023-ல் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் சரகோசாவில் இருந்தேன். சனிக்கிழமை வந்தால் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே மொனேக்ரோஸ் பக்கம் போய்விடுவேன். ஸ்பெயின் என்றால் கடற்கரை, கால்பந்து, தக்காளி எறிகிற திருவிழா (2011-ல் வந்த ஒரு இந்திப் படத்தின் புண்ணியம்) என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நகரத்தின் கடைசிக் கட்டடம் முடிந்ததும் திடீரென்று வெளிறிய மண்ணும் கல்லுமாக, எங்கோ தூரத்தில் ஒற்றைச் சபீனா மரமாக, வானம் மட்டும் பெரிதாக விரிகிற அந்தக் காடு என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை. எங்கள் கரிசலுக்கு அதைப்போல இரண்டு பங்கு பெய்யும், ஆனாலும் வறட்சி வறட்சி என்று நாங்கள் அழுவோம்!

பெர்திகேரா, லெசிஞேனா வழியாக அல்குபியேரே மலையேறும் ஏ-129 ஒரு நல்ல சாலை. மலைமேல் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பதுங்குகுழிகளைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1937 தொடக்கத்தில் குளிரில் விறைத்துக் கிடந்தது இந்தப் போர்முனையில்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குத் தெற்கே ஃபர்லேத்தே, மொனேக்ரிஜோ என்று போகிற சாலை. ஏற்றம் அதிகமில்லை. ஏப்ரலில் இருபுறமும் பார்லி பச்சையாக நிற்கும், ஜூனில் அறுத்துவிட்டால் எல்லாம் ஒரே காவி. வடமேற்கிலிருந்து சியெர்சோ என்றொரு காற்று வரும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும், திரும்பும்போது வட்டியோடு வசூலிக்கும். ஒரு மணி நேரத்தில் நான் எண்ணிய கார்கள் நான்கு. நான்குமே என்னைத் தாண்டும்போது எதிர்த் தடத்துக்குப் போய்த்தான் தாண்டின. அங்கே சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது சட்டம். ஒரே திசையில் இரண்டு தடம் இருந்தால் தடத்தையே முழுசாக மாற்ற வேண்டும் என்று 2022-ல் இன்னும் இறுக்கினார்கள். நாமும் ஊருக்கு வெளியே ஹெல்மெட் இல்லாமல் போகக்கூடாது.

ஆக, அந்த ரோட்டின் பத்திரத்துக்குச் சட்டம் காரணம். நண்பர் கொண்டாடுகிற அந்த "அரவமே இல்லாத" அமைதிக்கு எது காரணம்?

கணக்கு சொல்கிறேன். மொனேக்ரோஸ் வட்டாரம் சுமார் 2,760 சதுர கிலோமீட்டர். அதில் 31 ஊராட்சிகள். மொத்த ஜனம் 20,000-க்கும் குறைவு. எங்கள் தூத்துக்குடி மாவட்டம் பரப்பில் அதைப்போல இரண்டு மடங்குகூட இல்லை, 2011 கணக்கெடுப்பில் பதினேழரை லட்சம் பேர். தெற்கே தெருவேல் மாகாணத்துக்குப் போனால் சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். இது பாலைவனம், அதனால் ஆளில்லை என்று நினைத்தால் தப்பு. ஆள் இருந்தார்கள். 1950-களிலும் 60-களிலும் பார்சிலோனாவுக்கும் சரகோசாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். வீடுகள் இன்னும் நிற்கின்றன, பூட்டோடு.

அந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லைத் திருத்துவார்கள். 2016-ல் செர்ஹியோ தெல் மோலினோ என்ற எழுத்தாளரின் புத்தகத்தால் 'எஸ்பான்யா வசீயா', அதாவது காலியான ஸ்பெயின் என்ற சொல் நாடெங்கும் பரவியது. போராட்டக்காரர்கள் அதையே 'வசியாதா' என்று ஆக்கினார்கள். காலியாக்கப்பட்ட ஸ்பெயின். ஒரு விகுதிதான் வித்தியாசம். யாரோ செய்தார்கள், ரயிலை நிறுத்தினார்கள், டாக்டரைக் குறைத்தார்கள், தானாக நடக்கவில்லை என்று அந்த விகுதி சொல்கிறது. 2019 மார்ச் 31 அன்று அந்தப் பேரில் மாட்ரிட்டில் பெரிய ஊர்வலம் நடந்தது. தெருவேலில் 'தெருவேலும் இருக்கிறது' என்று அர்த்தம் வருகிற பேரில் 1999-லிருந்தே ஓர் இயக்கம் உண்டு. 2019 நவம்பர் தேர்தலில் ஒரு சீட் ஜெயித்தார்கள். 2020 ஜனவரியில் பிரதமரைத் தேர்ந்தெடுத்த வாக்கெடுப்பு 167-க்கு 165 என்று முடிந்தது. அந்த 167-ல் ஒன்று தெருவேல்காரருடையது. தாங்களும் இருக்கிறோம் என்று ஒரு ஊர் கட்சி கட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் போய் "ஆளே இல்லை, சொர்க்கம்" என்று போட்டோ போடுவோமா?

இன்னொரு உதாரணம், இது இன்னும் கிட்டத்தில் நடந்தது. சரகோசாவிலிருந்து கிழக்கே புஹரலோஸ், பெஞால்பா வழியாக ஃப்ராகாவுக்குப் போவது பழைய தேசிய நெடுஞ்சாலை என்-2. பக்கத்திலேயே ஏபி-2 விரைவுச்சாலை, அதற்குச் சுங்கம் உண்டு. 2021 ஆகஸ்ட் கடைசியில் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பின் போகிற வண்டி அந்தப் பக்கம் போகாமல் இங்கே ஏன் வரும்? சைக்கிள்காரனுக்குக் கொண்டாட்டம்தான். ரோட்டோரத்தில் லாரிக்காரர்களை நம்பிச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர்களை யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க நான் கஷ்டப்படவில்லை. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எட்டயபுரம் பக்கம் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப்பில் மாமா டீக்கடை வைத்திருந்தார். பைபாஸ் வந்த பிறகு பஸ் ஊருக்குள் திரும்புவதில்லை. மாமா இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருந்துவிட்டார். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது நம்மைப் போலவே டவுசர் போட்ட ஒரு சைக்கிள் குழு அந்த வழியாக வந்தது. மாமா கடை வாசலில், அந்த மூடிய தட்டியின் நிழலில் நின்று, வேனிலிருந்து வாழைப்பழமும் ஜூஸும் எடுத்துச் சாப்பிட்டார்கள். அதில் ஒரு தம்பி என்னிடம், "என்ன அமைதியான ஊர் சார், கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றான். நல்ல பையன்தான். நான் புனேயில் இருக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. அந்த அமைதியில் என் பங்கும் இருக்கிறதே!

இப்போது மொனேக்ரிஜோவுக்கு வருவோம். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். முதல் தடவை போனபோது பதினொரு மணி வெயில், தண்ணீர் காலி. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. ஒரு கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திறந்தால் உள்ளே ஊரே இருக்கிறது! ஆறேழு பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள், டிவி ஓடுகிறது, ஒருவர் ரொட்டி வாங்க வந்து நிற்கிறார். பார் என்றால் நம்மூர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். டீக்கடை, சாப்பாட்டுக்கடை, பொதுத்திண்ணை எல்லாம் அதுதான். பல சின்ன ஊர்களில் அந்தக் கடையை ஊராட்சியே வைத்துக்கொண்டு, நடத்த வருகிறவருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது, தங்க வீடும் சேர்த்து. அது மூடினால் பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க இடமில்லை என்பது ஊராட்சிக்குத் தெரியும். கடைக்கார அம்மா என் முப்பது வார்த்தை ஸ்பானிஷைப் பொறுத்துக்கொண்டு பால்காப்பியும் உருளைக்கிழங்கு முட்டைத் தோசை வைத்த ரொட்டியும் கொடுத்தார். பிள்ளை சரகோசாவில், ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருவான் என்றார். நான் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குப் போவேன் என்று சொல்லப் பார்த்து, முடியாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.

நண்பரின் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "நாம குடிக்கிற ஆறு காப்பியில ஊர் பொழைச்சுருமாக்கும்?" பிழைக்காது சார். ஊர் பிழைக்க டாக்டர் வேண்டும், பஸ் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். அதை நான் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சாலையை யாரோ வரிப்பணத்தில் தார் போட்டு வைத்திருக்கிறார்கள். சதுக்கத்துக் குழாயில் நமக்குத் தண்ணீர் வருகிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, சோற்றைச் சரகோசா சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, குப்பையை மட்டும் அந்த ஊர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் போவதற்கு என்ன பேர்?

சைவச் சாப்பாடு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் பாதி நியாயம். அங்கே சாலட் கேட்டால்கூட மேலே பன்றித்தொடைத் துண்டு வந்து உட்காரும். 'சின் ஹமோன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முட்டைகூடச் சாப்பிடாதவர்களுக்குக் கஷ்டம்தான், குழந்தைகளும் இருக்கிறார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், இன்ஸ்டன்ட் உப்புமா கொண்டுவாருங்கள், நானே தூக்குகிறேன். ஆனால் சமையல்காரரும் அடுப்பும் வேண்டாம்.

என் மாற்றுத் திட்டம் இது. ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டரை 60 ஆக்குவோம். காலைக் காப்பி ஒரு ஊரில், மதியச் சாப்பாடு இன்னொரு ஊரில் (ஒன்றரை மணிக்கு முன்னால் கேட்டால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்). இரவு ஊருக்குள் இருக்கும் வீட்டு விடுதியில் தங்குவோம். வாரத்தில் ஒரு நாள் கடை மூடியிருக்கும், பெரும்பாலும் திங்கள். அதனால் முந்தின நாளே போன் போட்டுக் கேட்க வேண்டும், அந்த வேலை என்னுடையது. குழாயில் 'நோ பொதாப்ளே' என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. இது குழந்தைகளுக்குப் பாடமாகவே சொல்லிவைக்க வேண்டும்.

தங்கமணி இதையெல்லாம் படித்துவிட்டு, "அறுபது கிலோமீட்டர்னா நானும் வரேன்" என்றார்கள். ஆக மூன்றில் ஒரு குடும்பத்தின் ஓட்டு முழுசாக விழுந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருக்கிறார்: வேன் சைக்கிள் ரிப்பேருக்கும் பெட்டிகளுக்கும் மட்டும் வரட்டுமாம், சமையல்காரர் பற்றி ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாமாம். மூன்றாவது குடும்பம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.