நந்தனைச் சுட்ட தீ: ஏட்டிலும் திரையிலும்

நந்தனார் கதை தெரியாத வீடு காவிரிக் கடைமடையில் ஒன்றுகூட இருக்க முடியாது. பாட்டி சொல்லுகிறாள், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லுகிறார், காலட்சேபக்காரர் சொல்லுகிறார், சினிமாக்காரரும் சொல்லி முடித்துவிட்டார். கேட்கிற பிள்ளைகள் மனத்தில் கடைசியாகத் தங்குவது "பக்தி இருந்தால் ஜாதி ஒரு தடையல்ல" என்கிற ஒரே வாக்கியந்தான். இது உண்மைதானா? கதையே அப்படித்தான் சொல்லுகிறதா? ஏட்டிலே இருந்தது என்ன, பாட்டிலே சேர்ந்தது என்ன, திரையிலே மறைந்தது என்ன என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்போம். இதற்கு நம்முடைய சொந்தச் சரக்கு ஒன்றும் வேண்டியதில்லை. அவர்கள் எழுதி வைத்ததே போதும்.

முதலில் ஏடு. சுந்தரர் தமது திருத்தொண்டத் தொகையிலே "நாளைப்போவார்" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குக் கையும் காலும் வைத்து, ஊரும் தொழிலும் கொடுத்து, 37 பாட்டிலே கதையாக்கியவர் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். 1852-இல் ஆறுமுக நாவலர் பெரிய புராணத்தை வசனமாக்கினார். பிறகு வந்த சுருக்கங்களின் வழியாகத்தான் இந்தக் கதை பள்ளிப்பிள்ளைகளின் கைக்கு எட்டியது.

சேக்கிழார் சொல்லுகிற நந்தன் யார்? ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்தவன். ஊரார் விட்ட மானிய நிலத்தை வைத்துச் சாப்பிடுகிறவன். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுக்கிறவன். இதை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகிறது. அவன் கொடுத்த நரம்பு சாமி சந்நிதியில் பாடுகிறது. மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனைகூட உள்ளே போகிறது. கொடுத்த மனிதன் மட்டும் வெளியே நிற்கிறான்! செத்த மாட்டின் தோலுக்கு இருக்கிற யோக்கியதை உயிருள்ள மனிதனுக்கு இல்லை.

திருப்புன்கூரிலே அவன் பார்க்கட்டும் என்று சாமி நந்தியை விலகச் சொன்னதாம். சரி, விலகிற்று. அடுத்தபடி தில்லை. எல்லைக்கு வந்து, ஊரைச் சுற்றிச் சுற்றி, உள்ளே போகப் பிறவி தடுக்கிறதே என்று ஏங்கிப் படுத்துக்கொள்கிறான். அப்போது சாமி கனவிலே வந்து என்ன சொல்லுகிறது? "உள்ளே வா" என்று சொல்லவில்லை. நெருப்பிலே மூழ்கிவிட்டு வா என்று சொல்லுகிறது. தில்லை அந்தணர்கள் கனவிலும் போய்த் தீ மூட்டச் சொல்லுகிறது. அவர்கள் மூட்டுகிறார்கள். நந்தன் இறங்குகிறான், பழைய உடம்பு போய், மார்பிலே பூணூலோடு ஒரு முனிவராக வெளியே வருகிறான், சந்நிதிக்குள் போகிறான், மறைந்து போகிறான்.

இதிலே இரண்டு கேள்வி கேட்கிறோம். கல் நந்தியை விலகச் சொல்லத் தெரிந்த சாமிக்குத் தில்லையிலே மனிதர்களை விலகச் சொல்லத் தெரியாதா? இது ஒன்று. கடைசியில் கோயிலுக்குள் நுழைந்தது யார் என்பது இரண்டாவது. நுழைந்தது பூணூல் போட்ட முனிவர். புலைப்பாடி நந்தன் வாசற்படியைத் தாண்டவே இல்லை. அவன் தீயோடு போய்விட்டான். அப்படியிருக்க, ஜாதி தடையல்ல என்பதற்கு இந்தக் கதையை எப்படிச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள்? ஜாதி எவ்வளவு பெரிய தடை என்றால், சாமியே நினைத்தாலும் அந்த உடம்பைக் கொளுத்தாமல் உள்ளே விட முடியவில்லை என்பதல்லவா இதிலிருந்து கிடைக்கிற பாடம்? சேக்கிழார் இதை ஒளிக்கவில்லை. அந்த மட்டில் அவர் யோக்கியர்.

அடுத்தது பாட்டு. இங்கேதான் நமது காரைக்கால் வருகிறது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திலே பிறந்து, மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்திலே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினார். அது 1860-களின் தொடக்கத்திலே அச்சேறுவதற்கு முன்னின்றவர் காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்கிற பிரெஞ்சுத் துரை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலிலே சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதும், பிறகு பாரதியாரின் பாட்டைக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்பதும் உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்த சங்கதி.

பாரதியார் செய்த பெரிய மாறுதல் என்ன? பெரிய புராணத்திலே இல்லாத ஓர் ஆளை உள்ளே கொண்டுவந்தார். அவர்தான் பண்ணைக்கார வேதியர். மானியம் வைத்துச் சாப்பிட்ட நந்தன் இங்கே வேதியரின் பண்ணையாளாகிவிடுகிறான். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே ராத்திரியிலே முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சாமி முடித்துக் கொடுக்கிறது. வேதியர் மனம் மாறி நந்தன் காலிலே விழுகிறார்.

பாரதியாருக்கு உரிய பெருமையை நாம் மறுக்கவில்லை. தாம் வாழ்ந்த காவிரிக் கரையிலே பண்ணையடிமை என்று ஒரு கொடுமை நடக்கிறது என்பதை, பிராமண குலத்திலே பிறந்த ஒருவர், பிராமணர்கள் உட்கார்ந்து கேட்கும் சபையிலே பாடினார் என்பது லேசான காரியமல்ல. ஆனால் பாதையைத் திறந்தவர் பாதியிலேயே அடைத்தும் விட்டார். நாற்பது வேலிக் கொடுமைக்கு அவர் காட்டிய பரிகாரம் அற்புதம். ஆண்டையின் கொடுமைக்கு அவர் காட்டிய பரிகாரம் ஆண்டையின் மனமாற்றம். இரண்டும் வராத பண்ணையாள் என்ன செய்வது? அதற்குக் கீர்த்தனையிலே பதில் இல்லை.

பதில் காரைக்கால் துறைமுகத்திலே இருந்தது. அந்தப் புத்தகம் அச்சான அதே காலத்தைப் பாருங்கள். 1848-இல் பிரெஞ்சுக்காரர் தங்கள் தீவுகளிலே அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆங்கிலேயர் சீமை ஆட்களையும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலிகளாகக் கப்பலேற்ற வழி செய்தார்கள். ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் போயிற்று. ஏர்பிடித்த கைகள் ஒப்பந்தச் சீட்டிலே ரேகை வைத்தன. அங்கே சுகமா கிடைத்தது? இல்லை, அதுவும் இன்னொரு நுகத்தடிதான். ஆனாலும் ஒன்று நிச்சயம். புத்தகத்து நந்தன் ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றான். நிஜ நந்தன்கள் நம் ஊர்க் கடற்கரையிலே கப்பலேறினார்கள். நாளைப்போவார் என்ற பெயர் கதைக்காரருக்கு ஒரு பட்டம். பட்டினியிலே கிடந்தவனுக்கு அது பிரயாணச் சீட்டு.

மூன்றாவது திரை. 1935-இல் "பக்த நந்தனார்" வந்தது. கே.பி. சுந்தராம்பாள் நந்தன் வேஷம். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியர் வேஷம். அம்மையாருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பதே அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. 1942-இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி "நந்தனார்" வந்தது. எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தன். செருகளத்தூர் சாமா வேதியர். பின்னது இன்றைக்கும் கைப்பேசியிலே பார்க்கக் கிடைக்கிறது. பாட்டு நன்றாயிருக்கிறது, நாமும் ரசிக்கிறோம். அதிலே நமக்குத் தகராறு இல்லை.

தகராறு இதுதான். சினிமா பின்பற்றியது சேக்கிழாரையல்ல, பாரதியாரை. ஆகவே படத்தின் உயிர் நிலை எது? வேதியர் நந்தன் காலிலே விழுகிற கட்டம். அந்தக் காலத்திலே அப்படி ஒரு காட்சியைக் காட்டியது சாதாரணமல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். கோயில் நுழைவுக் கிளர்ச்சி நடந்த காலம் அது. அந்தக் கிளர்ச்சிக்கு இந்தப் படங்கள் அனுகூலமாயிருந்தன என்று சிலர் வாதிக்கலாம். இருக்கட்டும். ஆனால் ஆண்டை அழுதுவிட்ட பிறகு, கொட்டகையிலே இருக்கிறவர்களும் அழுதுவிட்ட பிறகு, தீ எதற்கு? அதைக் கேட்க ஜனங்களுக்கு நேரம் ஏது? கண்ணீரிலே கண் மங்கியிருக்கிற நேரத்திலே தீ வந்து போய்விடுகிறது. மனம் மாறியது வேதியர். ஆனால் குளிக்க வேண்டியது நந்தனாம், அதுவும் நெருப்பிலே! அழுக்கு ஒருவனிடம், சலவை இன்னொருவனுக்கா? ஏட்டிலே பளிச்சென்று தெரிந்த இந்த அநியாயம், திரையிலே சங்கீதத்திலும் புகையிலும் மறைந்து, ஆனந்தமான முடிவாகிவிட்டது.

நிஜத்திலே கதவைத் திறந்தது எது? தீயா? 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் எந்த ஓமகுண்டத்திலும் இறங்காமல் நடந்தே போனார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலே கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. பண்ணையாளின் நாற்பது வேலிக்கு வழி சொன்னது பூதகணமா? விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிப் போராடினார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனமாற்றத்துக்குக் காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மனமாற்றத்தின் லட்சணத்தையும் நாம் பார்த்தோம். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி, நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியிலே, கூலி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கம் கட்டியவர்களின் குடும்பத்தார் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தத் தீயிலிருந்து எந்த முனிவரும் வெளியே வரவில்லை. மேல் கோர்ட்டிலே மிராசுதாரர்கள் விடுதலையானார்கள். அவர்கள் பார்ப்பனரல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். தீ வைக்கப் பூணூல் வேண்டியதில்லை. நிலமும் ஜாதித் திமிரும் இருந்தால் போதும். இதை நம் பார்ப்பனரல்லாத தோழர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டவன் தீயிலே எரிவது புண்ணியம் என்று பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வளர்த்த ஜில்லாவிலே, குடிசை எரிந்தபோது ஊர் கலங்காமல் தூங்கியதில் ஆச்சரியமென்ன?

அப்படியானால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாதா என்று கேட்பார்கள். சொல்லலாம், முழுவதும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் "கிந்தனார்" காலட்சேபம் செய்தார். அண்ணாதுரை எழுதிய 1949-ஆம் வருஷத்து "நல்லதம்பி" படத்திலும் அது வந்தது. நந்தனுக்குச் சிதம்பரத்தின் மேல் ஆசை. கிந்தனுக்குப் படிப்பின் மேல் ஆசை. நந்தன் தீயிலே ஏறினான். கிந்தன் ரயிலிலே ஏறினான். படித்து அதிகாரியாகத் திரும்பி வந்தான். உடம்பும் போகவில்லை, ஊரும் மறக்கவில்லை. ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே புரிந்தும்கொண்டார்கள். மூன்று மணி நேரம் அழவைத்த படங்கள் செய்யாததை அந்தச் சிறு காலட்சேபம் செய்தது.

பெற்றோர்களையும் உபாத்தியாயர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். நந்தன் கதையைச் சொல்லுங்கள். முடித்தபின் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தோலை உள்ளே விட்டவர்கள் ஆளை ஏன் விடவில்லை? தீயை மூட்டியது யார் கை? உள்ளே போனது நந்தனா, வேறொருவரா? பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லுகிற பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமலிருக்கிற தைரியம் பெரியவர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் நமக்குள்ள சந்தேகம்.