குடித்தவர் யார்? ரத்தம் மட்டும் சொல்லுமா?

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலாகட்டும், தோட்டத்துக் கிளினிக்கிலாகட்டும், ரத்தம் கொடுத்துத் திரும்பும் தொழிலாளியின் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஜி.ஜி.டி. என்று பெயர்களும் எதிரே எண்களும் காணப்படும். எண் உயர்ந்திருந்தால் போதும், "இவன் குடிகாரன்" என்று முத்திரை குத்துவோர் உண்டு. அந்த முத்திரையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால், அந்த எண்ணை அலட்சியம் செய்யவும் நாம் உடன்படமாட்டோம்.

இவை என்சைம்கள், உடலின் உயிரணுக்களில் வேலை செய்யும் புரதங்கள். உயிரணு சேதமுற்றால் ரத்தத்தில் கசிகின்றன. ஏ.எஸ்.டி. ஈரலுக்கு மட்டும் உரியதன்று. இதயத்திலும் தசையிலும் உண்டு. 1954-இல் அமெரிக்க மருத்துவர்கள் லாடூ, ருப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர் அது ரத்தத்தில் உயர்வதைக் கண்டறிந்தது மாரடைப்பு நோயாளிகளிடத்தில்தான்.

நெடுநாள் ஓய்வுக்குப் பின் பால்வாளி சுமந்து மேடேறும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பழக்கம் விட்டுப்போன கடும் உழைப்பால் தசையிலிருந்து கசியும் என்சைம் ஒரு வாரம்கூட உயர்ந்து நிற்கலாம். மேசையடியில் அமர்ந்து, கெட்டிப்பால் தேநீரை நாளுக்கு நாலு முறை பருகி, வயிறு பெருத்த கிராணியாருக்கோ, ஒரு சொட்டுக் கள்ளும் தொடாமலே ஈரலில் கொழுப்பு படிந்து ஏ.எல்.டி. ஏறலாம். மஞ்சள் காமாலைக் கிருமியும், சில மாத்திரைகளும், சில நாட்டு மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். ஆண்களுக்குப் பெண்களைவிட இந்த எண்கள் இயல்பாகவே சற்று அதிகம்.

அப்படியானால் குடிக்கு மன்னிப்பா? இல்லை! ஜி.ஜி.டி.யைக் குடி உயர்த்துகிறது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யைப்போல் இரு மடங்குக்கு மேலிருந்தால், மருத்துவரின் சந்தேகம் முதலில் குடியின் மேல்தான் விழும். 1946, 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது வீண் வம்புக்காக அல்ல. கள்ளும் சம்சுவும் கூலியை மட்டும் தின்னவில்லை, ஈரலையும் தின்றன.

இதில் நம்பிக்கையும் உண்டு. குடியை விட்டால், குடியால் ஏறிய ஜி.ஜி.டி. இரண்டு மூன்று வாரங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மட்டும் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

ஆகவே மருத்துவர்களுக்கு நாம் சொல்வது: தாளைப் பார்க்குமுன் தொழிலாளியின் வேலையையும், உணவையும், மருந்தையும் கேளுங்கள். நிர்வாகத்துக்கு: ரத்தத் தாள் தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் உரியது, அது பெரட்டுக்களத்தில் பேசும் பொருளன்று. தொழிலாளத் தோழர்களுக்கு: மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். குடித்ததைக் குடித்தேன் என்றும், சுமந்ததைச் சுமந்தேன் என்றும் சொல்லுங்கள். பொய் சொல்லிப் பெறும் மருந்து நோயைத் தீர்க்காது.