பரணிலிருந்து இறங்கிய காமிரா

பிலிம் சுருள் போட்டு எடுக்கும் பழைய காமிரா ஒன்று நமது நேயர்களில் பலருடைய வீட்டுப் பரணில் இன்னும் படுத்துக் கொண்டிருக்கலாம். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி யாத்திரை எல்லாவற்றையும் படம் எடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன அந்தக் கிழவரைத் தேடுவார் இப்போது இல்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் டெலிபோனே படம் எடுக்கும் காலமல்லவா? ஆயினும் அவருக்கு ஓர் உத்தியோகம் மீதியிருக்கிறது. அது இராக்கால உத்தியோகம்.

நம்முடைய கண் மகா அவசரக்காரக் கண். ஒரு விநாடியின் சிறு பாகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு சொல்லிவிட்டு, உடனே மறந்துவிடும். இருட்டில் பழகிய பிறகு இரவு முழுவதும் விழித்துப் பார்த்தாலும், காணாத நக்ஷத்திரம் காணாததுதான். பிலிமோ உண்டியலைப் போன்றது. விழுந்த காசு விழுந்தபடியே சேர்ந்து கொண்டிருக்கும். அந்த உண்டியலில் சிறு ஓட்டை ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மங்கலான ஒளியில் நெடுநேரம் திறந்து வைத்தால் பிலிம் களைத்துப் போகிறது. இரண்டு மடங்கு நேரத்திற்கு இரண்டு மடங்கு பலன் கிடைப்பதில்லை. சுவார்ட்ஸ்சைல்ட் என்ற ஜெர்மானிய வானநூலார் 1900-ஆம் ஆண்டை யொட்டி இதை அளந்து காட்டினார்.

சாதாரணக் காமிரா வானத்தில் என்ன சாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு 1882-ஆம் ஆண்டு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறோம். அவ்வருஷம் பட்டப்பகலிலும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய வால் நக்ஷத்திரம் ஒன்று தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்த வானிலைக்கூடத்தின் தலைவர் டேவிட் கில் என்பவர், அருகிலிருந்த போட்டோக்காரர் ஒருவரை அழைத்து, மனிதர் முகங்களைப் படம் பிடிக்கும் அவருடைய காமிராவைத் தமது தூரதர்சினியின் மேல் கட்டி வைத்தார். தூரதர்சினி வால் நக்ஷத்திரத்தைத் தொடர்ந்து செல்ல, காமிராவும் அதன் முதுகில் சவாரி செய்தது. தகடுகளைக் கழுவிப் பார்த்தபோது வால் நக்ஷத்திரம் அழகாகவே விழுந்திருந்தது. ஆனால் கில் அதைப் பார்த்தாரா? அதன் பின்னால் அழையாத விருந்தாளிகளைப் போல் வந்து நின்ற எண்ணற்ற சிறு நக்ஷத்திரங்களையல்லவா பார்த்தார்! வானம் முழுவதையும் இப்படியே படம் எடுத்துக் கணக்கெடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. அவர் எடுத்த தகடுகளை ஹாலந்து தேசத்துக் காப்டைன் பல ஆண்டுகள் உட்கார்ந்து அளந்தார். 1896 முதல் 1900 வரையில் வெளியான அந்த ஜாபிதாவில் 4,54,875 நக்ஷத்திரங்கள் அடங்கியிருக்கின்றன. முகம் எடுக்க வந்த காமிரா செய்த காரியம் இது.

நிற்க. நம் வீட்டுக் காமிராவுக்குச் சவாரி செய்ய வாகனம் இல்லை. அசையாத முக்காலியில் நிறுத்தி மூடியைத் திறந்தால், பூமி சுழல்வதால், நக்ஷத்திரம் மணிக்குப் பதினைந்து பாகை வீதம் நகர்ந்துவிடுகிறது. நீட்டிய கையின் முஷ்டி பத்துப் பாகை என்றால் ஒன்றரை முஷ்டி தூரம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் பத்து விநாடிக்குள் மூடிவிட்டால் நக்ஷத்திரம் புள்ளியாக விழும். அதற்கு மேல் போனால் கோடாகும். எவ்வளவு நேரம் வைத்தாலும் கோடு நீளுமே தவிர, மங்கலான புது நக்ஷத்திரம் விழாது. பிலிமின் ஓரிடத்தில் ஒரு நக்ஷத்திரம் சில விநாடிகள்தானே தங்குகிறது! ஆனால் வானத்தின் பொது வெளிச்சம் மட்டும் எல்லா இடத்திலும் சேர்ந்து கொண்டே யிருக்கும். நகரவாசிகளுக்கு ஆபத்து இங்கேதான்.

இதை நாம் செலவு செய்து கற்றோம். ஒரு மார்கழி அமாவாசையன்று, வேகம் 400 உள்ள கலர் பிலிமைப் போட்டு, சென்னையில் நம் வீட்டு மொட்டை மாடியில் இருபது நிமிஷம் திறந்து வைத்தோம். தெருவிளக்குகளின் ஒளியால் படம் கெட்டியான காபி நிறத்தில் வந்தது. நக்ஷத்திரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. நம் பாட்டனார் திண்ணையில் படுத்தபடியே பால்வீதியைப் பார்த்தவர். அதே ஊரில் நமக்கு மிஞ்சியது காபிதான். நகரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாதிருப்பது உசிதம்.

அந்தச் சுருளுக்கு நேர்ந்த இன்னொரு விபத்தையும் மறைப்பதற்கில்லை. கழுவக் கொடுத்த கடையில், இருண்ட படங்களுக்கு எல்லை எது என்று தெரியாமல், பாதிப் படங்களை நடுவே கத்தரித்துவிட்டார்கள். "ஒன்றும் விழவில்லை" என்று இரக்கத்தோடு வேறு சொன்னார்கள். குற்றம் நம்முடையதே. சுருளின் முதல் படமாகப் பகலில் வாசற்கோலத்தையாவது எடுத்து வைத்திருந்தால் அவர்களுக்கு அளவு தெரிந்திருக்கும். இப்போது, "வெட்டாமல் கொடுக்கவும்" என்றும் உறைமேல் எழுதி விடுகிறோம்.

மறு வருஷம் ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போனோம். இருளுக்காகவே வைணு பாப்பு 1960-களில் தேர்ந்தெடுத்த காவலூர் அந்த மலையில்தான் இருக்கிறது. 'பி' என்னும் குறியில் வைத்து, கம்பி விசையை அழுத்திப் பூட்டினோம். பாட்டரி இல்லாமலே திறந்து நிற்கும் பழைய யந்திரக் காமிராவுக்கு இங்கே தனி மதிப்பு. துவாரத்தை நாலில் வைத்து, கிழக்கு நோக்கி ஒரு மணி நேரம். இடையிடையே கறுப்பு அட்டையால் மறைத்துக் கொண்டு, லென்ஸில் படிந்த பனியைத் துடைக்க வேண்டியிருந்தது.

படம் வந்தது. வேட்டைக்காரனின் இடுப்பிலுள்ள மூன்று நக்ஷத்திரங்களும் கோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராக ஏறியிருந்தன. இடப்புறத்தவை வடதுருவத்தைச் சுற்றவும், வலப்புறத்தவை தென்துருவத்தைச் சுற்றவும் எதிரெதிராக லேசாய் வளைந்திருந்தன. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு, இரண்டு துருவங்களின் ஆட்சியும் ஒரே படத்தில் கிடைத்துவிடுகிறது. கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகத் தோன்றியவை, பிலிமில் நீலமும் சிவப்புமாகப் பிரிந்து நின்றன.

படத்தைக் கூடத்தில் மாட்டினோம். பக்கத்து வீட்டுப் பாட்டியார் வந்து பார்த்தார்.

"என்னப்பா, காசு கொடுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறாய், படமெல்லாம் கீறலாயிருக்கிறதே?" என்றார்.

கீறலல்ல, நக்ஷத்திரங்கள் என்றும், அதோ அந்தச் சிவப்புக் கோடு திருவாதிரை என்றும் சொன்னோம்.

"நாம் களி கிண்டுகிறோமே, அந்தத் திருவாதிரையா?" என்று கேட்டுவிட்டு, பாட்டியார் இடுப்பிலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக் கொண்டு, மறுபடியும் படத்தின் அருகே வந்தார்.