புது 4கே டிவி வந்தாச்சு... பழைய ஹோம் தியேட்டரை என்ன செய்வது?

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்தைவிடப் பெரிய டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ‘சரி, இப்பவே மாத்திடலாம்’ என்று 43 அங்குலம், 55 அங்குலம் என 4கே டிவிக்கு மாறியவர்கள் நம்மில் உண்டு. படம் அட்டகாசம். ஆனால், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஆசையாக வாங்கிய 5.1 ஹோம் தியேட்டரை அதோடு இணைக்கும்போதுதான் சிக்கல். ஒன்று திரை கறுப்பாகிறது, அல்லது படத்தின் தரம் இறங்கிவிடுகிறது, அல்லது பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடுகின்றன.

கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அது பழசு சார், தூக்கிப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்கிடுங்க.”

நிஜமாகவே தூக்கிப் போடத்தான் வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் தேவையில்லை. 4கே படம், 5.1 சரவுண்ட் சத்தம் இரண்டையும் பழைய செட்டை வைத்துக்கொண்டே பெற முடியும். படம் போகும் பாதையையும் சத்தம் போகும் பாதையையும் பிரித்துவிட்டால் போதும். எப்படி என்று பார்ப்போம்.

எங்கே இடிக்கிறது?

ஹோம் தியேட்டர் மூன்று வேலைகளைச் செய்கிறது. வரும் சிக்னலைப் புரிந்துகொள்கிறது, அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கிறது. கடைசி இரண்டும் 20 வருடங்களில் பெரிதாக மாறவில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அன்று போலவே இன்றும் ஒலிக்கும். மாறியது முதல் வேலைதான். அதாவது, டிவியும் பிளேயரும் ரிசீவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி.

அந்த மொழியின் பெயர் ஹெச்டிஎம்ஐ. 2002-ல் அறிமுகமான இது, வெர்ஷன் வெர்ஷனாக வளர்ந்தது. 2009-ல் வந்த 1.4 வெர்ஷன், விநாடிக்கு 10.2 ஜிகாபிட் வரை கடத்தும். 4கே படத்தை விநாடிக்கு 30 ஃபிரேம் வரைதான் அதனால் தாங்க முடியும். 2013-ல் வந்த 2.0 வெர்ஷன் 18 ஜிகாபிட், 60 ஃபிரேம் 4கே. 2017-ல் வந்த 2.1 வெர்ஷன் 48 ஜிகாபிட்.

இத்தனை மாறியும், வயரைச் சொருகும் அந்த வாய் மட்டும் மாறவே இல்லை. குழப்பத்துக்குக் காரணமே இதுதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சொருகினால் உள்ளே போகும், ஆனால் வேலை செய்யாது.

வேகம் மட்டுமல்ல, பூட்டும் உண்டு

4கே படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யக் கூடாது என்பதற்காக ஹெச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்பு ஏற்பாடு 2013-ல் வந்தது. ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியோ பிளேயரோ 4கே படத்தை அனுப்பும் முன், வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் ‘உன்னிடம் இந்தப் பூட்டுக்கான சாவி இருக்கிறதா?’ என்று கேட்கும். நடுவில் ஒரே ஒரு பழைய ரிசீவர் ‘இல்லை’ என்றால் போதும். படம் 1080பி தரத்துக்கு இறங்கும், அல்லது திரை கறுப்பாகும். பெரும்பாலான பழைய ரிசீவர்களில் இதை சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் சரிசெய்ய முடியாது. உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. ஹெச்டிஎம்ஐ பரவுவதற்கு முன், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று முனைகள் கொண்ட காம்பொனென்ட் வயர் வழியாகவே ஹெச்டி படம் வந்துகொண்டிருந்தது. ப்ளூ-ரே வட்டுகளின் பாதுகாப்பு விதிகள், 2010-க்குப் பிறகு தயாரான பிளேயர்களில் அந்த அனலாக் வழியை டிவிடி தரத்துக்கு இறக்கின. 2013-க்குப் பிறகு அதையும் மூடின. அந்த வயரால் ஹெச்டி படத்தைக் கடத்த முடியும். உரிமம்தான் அனுமதிக்கவில்லை.

ஆக, ‘உங்க செட் பழசாயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், எது பழசானது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் பழசானது ஹெச்டிஎம்ஐ சர்க்யூட் மட்டுமாகத்தான் இருக்கும்.

படம் நேராக, சத்தம் தனியாக

தீர்வு எளிது. 4கே படத்தைப் பழைய ரிசீவருக்குள் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல், பிளேயர் எல்லாவற்றையும் நேராக டிவியில் சொருகுங்கள். டிவியில் இருந்து சத்தத்தை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுபோங்கள்.

சத்தத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. 1980-களிலேயே வந்துவிட்ட ஆப்டிகல் வயர், அமுக்கப்படாத ஸ்டீரியோ ஒலியைக் கடத்த விநாடிக்குச் சுமார் 1,500 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. டால்பி டிஜிட்டல் 5.1-க்கு அதிகபட்சம் 640 கிலோபிட் போதும். டிவிடியில் நாம் கேட்டது 448 கிலோபிட்தான். அதனால்தான் இவ்வளவு பழைய வயரிலும் ஆறு சேனல் சத்தம் சௌகரியமாகப் போய்ச் சேர்கிறது.

இன்றைய ஓடிடி படங்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற புதிய வடிவில் வருகின்றன. அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றிக்கொடுக்கும் வசதி பல டிவிகளிலும் ஸ்டிக்குகளிலும் இருக்கிறது. ப்ளூ-ரே வட்டுகளிலும் அப்படித்தான். டால்பி ட்ரூஹெச்டி ஒலியோடு ஒரு சாதாரண டால்பி டிஜிட்டல் ஒலியும், டிடிஎஸ்-ஹெச்டி ஒலிக்குள் ஒரு சாதாரண டிடிஎஸ் ஒலியும் சேர்ந்தே இருக்கும். பழைய கருவிகளையும் மனதில் வைத்துத்தான் இவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எந்த வழி உங்களுக்குச் சரிப்படும் என்பது, ரிசீவருக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

• ஹெச்டிஎம்ஐ அவுட் அருகே ‘ஏஆர்சி’ என்று எழுதியிருந்தால்: டிவியில் ‘ஏஆர்சி’ என்று குறிக்கப்பட்ட அதே வகை முனையோடு இணையுங்கள். டிவியின் சத்தம் அதே வயரில் திரும்பி வரும். பல டிவிகளில் ‘சிஇசி’ என்ற வசதியை ஆன் செய்தால்தான் இது வேலை செய்யும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருப்பதால் செட்டிங்ஸில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

• ஆப்டிகல் முனை இருந்தால்: டிவியின் ஆப்டிகல் அவுட்டில் இருந்து ஒரு வயர். அவ்வளவுதான். ரிசீவரில் கோஆக்ஸியல் முனை மட்டும் இருந்தால், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் கிடைக்கிறது.

• வட்டமான ஆறு ஆர்சிஏ முனைகள் மட்டும் இருந்தால்: டிவிடி காலத்துச் செட்களிலும், உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர்களிலும் இப்படி இருக்கும். இவற்றுக்கு டால்பி மொழி தெரியாது. டிஜிட்டல் ஒலியை ஆறு அனலாக் சேனலாகப் பிரிக்கும் டிகோடர் பெட்டி ஒன்று நடுவில் தேவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். வாங்கும்போது ‘5.1 டால்பி டிகோட் செய்யுமா, ஸ்டீரியோ மட்டுமா?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

• டிவியில் ஆப்டிகலும் இல்லை, ரிசீவரில் ஏஆர்சியும் இல்லை என்றால்: ஹெச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவில் இது உட்காரும். படத்தை டிவிக்கு விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் ஆப்டிகலில் பிரித்துக் கொடுக்கும். 4கே 60 ஃபிரேமும் ஹெச்டிசிபி 2.2-வும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழைய பிரச்சினை புதிய பெட்டியில் தொடரும்.

4கே ப்ளூ-ரே பிளேயர் வாங்கும் எண்ணம் இருந்தால், இரண்டு ஹெச்டிஎம்ஐ அவுட் கொண்ட மாடல்கள் உள்ளன. ஒன்று டிவிக்குப் படம் தர, இன்னொன்று பழைய ரிசீவருக்குச் சத்தம் மட்டும் தர.

வயர் போட்டாச்சு, ஆனா ஸ்டீரியோதான் வருது!

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தால் 5.1 என்று அர்த்தமில்லை. பழைய ரிசீவர்களில் இருக்கும் ‘புரோ லாஜிக்’ என்ற வசதி, ஸ்டீரியோவையே பிரித்துப் பின் ஸ்பீக்கர்களுக்கும் கொஞ்சம் அனுப்பிவைக்கும். ரிசீவரின் டிஸ்பிளேயைப் பாருங்கள். ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘டிடிஎஸ்’ என்று காட்டினால் நிஜமான சரவுண்ட். ‘பிசிஎம்’, ‘புரோ லாஜிக்’ என்றிருந்தால் வருவது ஸ்டீரியோ.

சரிசெய்ய வேண்டிய இடங்கள் மூன்று. முதலில் டிவியின் சவுண்ட் செட்டிங்ஸ்: டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தால் ‘டால்பி டிஜிட்டல்’, ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்-த்ரூ’ என மாற்றிப் பாருங்கள். இரண்டாவது, ஸ்ட்ரீமிங் கருவியின் செட்டிங்ஸ். உதாரணமாக, ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் ஒலி வடிவத்தை டால்பி டிஜிட்டல் 5.1-க்கு மாற்றும் தேர்வு தனியாகவே இருக்கிறது. மூன்றாவது, எக்ஸ்ட்ராக்டர் பயன்படுத்துபவர்களுக்கு: டிவி ‘எனக்கு ஸ்டீரியோ போதும்’ என்று சொன்னால், ஸ்டிக்கும் ஸ்டீரியோதான் அனுப்பும். இதை மாற்ற எக்ஸ்ட்ராக்டரிலேயே பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை 5.1-க்குத் தள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் உதட்டசைவுக்கும் வசனத்துக்கும் இடைவெளி தெரிந்தால், டிவியிலோ ரிசீவரிலோ ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்ற அமைப்பு இருக்கும்.

என்னவெல்லாம் கிடைக்காது?

முதல் இழப்பு, டால்பி அட்மாஸ். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறப்பது போன்ற உயரச் சத்தத்தைப் பிரிக்கப் பழைய ரிசீவருக்குத் தெரியாது. ஆனால் படம் ஊமையாகிவிடாது. ஓடிடியில் வரும் அட்மாஸ் படங்கள் 5.1 சத்தமாக ஒலிக்கும்.

இரண்டாவது, தரம் இழக்காத (லாஸ்லெஸ்) ஒலி. ட்ரூஹெச்டி போன்றவை ஆப்டிகலில் போகாது. ப்ளூ-ரே வட்டு வாங்கிப் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இழப்பு குறைவு. அங்கே வருவதே அமுக்கப்பட்ட ஒலிதான். மூன்றாவது, சில டிவிகள் டிடிஎஸ் ஒலியை ஏற்காது. பென் டிரைவில் படம் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட, நம்மிடம் இருப்பதையும் பார்க்க வேண்டும். பின்னால் ஸ்பீக்கர் இல்லாத சவுண்ட்பார், சரவுண்ட் சத்தத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கப் பார்க்கிறது. நம் அறையின் பின் மூலையில் நிஜமாகவே இரண்டு ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

எப்போது புதுசு வாங்கலாம்?

ஆம்ப்ளிஃபயரில் தொடர்ந்து இரைச்சல் வந்தால், கருகிய வாடை அடித்தால், அட்மாஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், அல்லது வீட்டில் பின் ஸ்பீக்கருக்கு வயர் இழுக்கவே வழியில்லை என்றால் புதிதாக வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் ஸ்பீக்கர்களை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். தனி ரிசீவரோடு வந்த ஸ்பீக்கர்கள், ஓம்ஸ் அளவு பொருந்தினால், புது ரிசீவரிலும் பாடும். சப்வூஃபரின் ஓரத்து ஃபோம் உதிர்ந்திருந்தால் ரீகோனிங் செய்யும் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசு 2022-ல் பேசத் தொடங்கியபோது, கைப்பேசி, வாகனம், வேளாண் கருவிகளோடு வீட்டு உபயோகப் பொருட்களையும் பட்டியலில் சேர்த்தது. உதிரி பாகமும் கையேடும் கிடைப்பது அதன் மையம். ஆனால் ஹோம் தியேட்டரில் பழுது எதுவுமே இல்லாமல், இணைப்பு விதி மாறியதாலேயே ஒரு நல்ல பொருள் ஓரங்கட்டப்படுகிறது. இதற்கும் ஒரு பதில் வேண்டும் என்று நுகர்வோர் கேட்க வேண்டிய நேரம் இது.

நிஜமாகவே ஆயுள் முடிந்த செட் என்றால் காயலான் கடைக்கோ குப்பைத் தொட்டிக்கோ அனுப்பாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. அதற்கு முன், ஒரு ஆப்டிகல் வயர் வாங்கிச் சொருகி, டிவி செட்டிங்ஸை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.