மன்னார்க் கரைச் சாறுகளும் கலக்கரு ஏற்பிகளும்

வடபகுதி வளவு வேலிகளில் நிற்கும் கிளுவையும் வட இந்தியாவின் குக்குலுவும் ஒரே கொம்மிபோரா பேரினத்தைச் சேர்ந்தவை. மன்னார்க் கரையில் மருந்து தேடப் புறப்படும் எவரும் குக்குலுவின் கதையை முதலில் படிக்க வேண்டும். அதன் பிசின் முயல்களின் இரத்தக் கொழுப்பைக் குறைப்பதை 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி காட்டினார். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து குகுலிப்பிட் என்ற மருந்தை உருவாக்கியது. பிசினிலுள்ள குகுல்ஸ்டெரோன், பித்த அமிலங்களை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். ஏற்பியின் எதிரியக்கி என்று 2002இல் ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு அறிவித்தது. மறு ஆண்டே, அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த குகுலிப்பிட் பரிசோதனையில் எல்.டி.எல். கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. அதே மூலக்கூறு ஸ்டீரொயிட் ஏற்பிகள் பலவற்றை எஃப்.எக்ஸ்.ஆரை விட மிக இறுக்கமாகப் பற்றுவதும், பி.எக்ஸ்.ஆர். ஏற்பியைத் தூண்டுவதும் பின்னர் தெரியவந்தன. மனிதரில் 48 கலக்கரு ஏற்பிகள் உள்ளன. ஒன்றில் கிடைத்த விடை மற்ற 47 பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கடற்பொருள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலானது. நாம் பெரும்பாலும் நம்புவது, ஏற்பி தூண்டப்படும்போது சோதனைத் தட்டிலுள்ள கலங்கள் காட்டும் லூசிபெரேஸ் நொதியின் ஒளிர்வை. பாசியையோ மீனையோ மெதனோலில் ஊறவைத்த சாற்றில் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் நிறைந்திருக்கும். அவை பி.பி.ஏ.ஆர். ஏற்பிகளின் இயல்பான லிகண்டுகள், அவற்றுள் ஒன்றான டி.எச்.ஏ. ஆர்.எக்ஸ்.ஆர். ஏற்பியையும் தூண்டும். ஆகவே தட்டு ஒளிர்வதில் வியப்பில்லை, அதில் புதிய மருந்தும் இல்லை. கடலட்டைச் சாற்றில் நேர்மாறாக நடக்கும். அதன் சப்போனின்கள் கலமென்சவ்வைத் துளைத்துக் கலங்களைக் கொல்ல, ஒளி மங்கும். அதை எதிரியக்கம் என்று எழுதிவிடுவோம். லூசிபெரேஸையே பற்றும் பொருள்கள் இன்னொரு வகை. நொதியைத் தடுக்கும் சில மூலக்கூறுகள் கலத்துக்குள் அதைச் சிதையாமல் காப்பதால், ஒளி கூடியதாகவே தோன்றும்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ட்ரைபியூட்டைல்டின். படகின் அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய பழைய வண்ணப்பூச்சுகளில் இருந்த இந்த வெள்ளீய நஞ்சுக்கு 2008 முதல் சர்வதேசத் தடை நடைமுறையில் உள்ளது. எனினும் சேற்றில் அது நெடுங்காலம் தங்கும். நனோமோலார் செறிவிலேயே ஆர்.எக்ஸ்.ஆரையும் பி.பி.ஏ.ஆர். காமாவையும் தூண்டும், பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்பு வளரச் செய்வதும் இதுவே. இறங்குதுறைக்கு அருகில் எடுத்த சங்கிலோ கடற்பஞ்சிலோ அபாரமான ஆர்.எக்ஸ்.ஆர். விடை வந்தால், உயிரியைப் பாராட்டுமுன் வெள்ளீயத்தைத் தேட வேண்டும்.

இவற்றுக்குத் தீர்வுகள் தெரிந்தவைதாம், விலையும் பெரிதல்ல. கொழுப்பை நீக்கிய பகுதியையே முதலில் சோதிப்பது, அதே குழியில் கலங்கள் உயிரோடிருப்பதை அளப்பது, ஏற்பி இல்லாத கலங்களிலும் அதே சாற்றை இடுவது. செலவு கூடியது அடுத்த படி: கலமின்றி, தூய்மையாக்கிய லிகண்ட் பிணைப்பு டொமெயினோடு துணைத்தூண்டிப் பெப்டைட் சேர்வதை டி.ஆர்.ஃபிரெட் முறையில் அளத்தல். அதற்கான தட்டு வாசிப்புக் கருவி எல்லா ஆய்வுகூடத்திலும் இராது; இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கடல்தான். ஒரு பொய் விடையைத் துரத்திக் கிலோக் கணக்கில் கடற்பஞ்சை அறுத்தெடுத்தால், அது மீண்டும் வளர நெடுங்காலம் பிடிக்கும். முதற் சோதனையில் கண்டிப்பாக இருப்பவர் இரண்டாம் முறை அறுக்கத் தேவையில்லாமல் போகலாம்.

அடுத்த இதழ் முதல், கலக்கரு ஏற்பி பற்றிய கட்டுரைகளில் மேற்சொன்ன மூன்று எதிர்ச்சோதனைகளின் முடிவும், வேறு குறைந்தது ஐந்து ஏற்பிகளில் கிடைத்த விடையும், மாதிரி எடுத்த இடம், ஆழம், அண்மைய இறங்குதுறைக்குள்ள தூரம் ஆகியனவும் இருக்க வேண்டும். எதிர்மறை முடிவுகளையும் அனுப்புங்கள். அவற்றுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்கியுள்ளோம்.