கூட ஒரு பட்டை சொருகினால் போதுமா?

போடி, கம்பம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் பாதிக்குப் பாதி பின்பக்கம் உட்கார்ந்துதான் இருக்கும். 1947-ல் மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்ததிலிருந்து வந்த வம்சம் இது. பின்னால் ஸ்பிரிங் பட்டைதான். லேசில் சாகாத சாமான். அதனாலேயே அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

பட்டை தளர்ந்தால் நம் ஊர் வைத்தியம் ஒன்றுதான்: "கூட ஒரு பட்டை சொருகிடுங்கண்ணே!" இது வைத்தியமே இல்லை, இரண்டு பக்கமும் செட்டாக மாற்றுவதுதான் சரி என்பது என் கட்சி.

ஏன்? செட்டில் முக்கியமானது மெயின் பட்டை. இரண்டு முனையிலும் சுருள் உள்ளது அதற்குத்தான். வண்டிப் பாரத்தைத் தாங்குவதோடு, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து அதில் விரிசல் விட்டிருந்தால், கீழே புதிதாக எதைச் சொருகினாலும் விரிசல் போகாது. வண்டியின் உயரம் மட்டும் திரும்பி வரும். கொண்டை ஊசி வளைவில் மெயின் பட்டை முறிந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் டிரைவர் திறமை எல்லாம் சும்மா.

இன்னொன்று. லாரிப் பட்டையை வெட்டிச் சொருகுவார்கள். மெக்கானிக்கல் மக்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: பட்டையின் விறைப்பு தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும். அதே நீள அகலத்தில் 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. என்றால் விறைப்பு சுமார் 59 சதவீதம் கூடுதல்! காலி வண்டி குதிக்கும், டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. சூடாக்கி அடித்து வளைவு ஏற்றுவதும் இதே கதைதான். திரும்பப் பதம் போடாவிட்டால் சீக்கிரமே மறுபடி தொங்கிவிடும்.

"செட்டு மாத்தக் காசு யார் தர்றது? வண்டி நின்னா அன்னிக்கு வருமானம் போச்சே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது மாதக்கணக்கு வேலை இல்லை. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், ப்ளீஸ்), ஆக்சிலை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு பழசைக் கழற்றலாம். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். யூ போல்ட்டுகள் புதுசாகவே இருக்கட்டும், பழையவை இழுபட்டுப் போயிருக்கும். ரப்பர் புஷ் என்றால் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்கினால் முடிந்தது.

என் நிஜமான பயம் வேறு. பட்டை சேர்த்ததும் பின்பக்கம் நிமிர்ந்துவிடும். "இன்னும் நாலு பேர் ஏறுங்க" என்று தைரியம் வந்துவிடும். பிரேக்கும் டயரும் ஆக்சிலும் அதே பழசுதானே? மிச்சமாகும் பணம் ஓனருக்கு, ஆபத்து பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கூலிக்குப் போகும் பெண்களுக்கு. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

பட்டறை அனுபவம் உள்ளவர்கள் மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சண்டை போடலாம் :-)