வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வீடு, மனை வாங்குபவர்கள் கொண்டுவரும் பத்திரக் கட்டைப் பிரித்துப் படித்து, வாங்கலாமா கூடாதா என்று கருத்துரை எழுதித் தருவது என் தொழில். சாந்தோமில் உள்ள தங்கள் அலுவலகத்துக்கு மனுவாக அனுப்ப வேண்டியதை மடலாக எழுதுகிறேன். வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடவே படிக்கட்டும் என்பதுதான் காரணம்.

40 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கும் ஒருவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கட்டுகிறார். கைரேகை வைக்கிறார், கேமராவுக்கு முகம் காட்டுகிறார், பத்திரம் கைக்கு வருகிறது. அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது, இனி யார் வந்து என்ன கேட்க முடியும் என்ற தெம்போடு வீடு திரும்புகிறார். அந்தத் தெம்புக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நீங்கள் பதிவது ஆவணத்தை. விற்றவருக்கு இல்லாத உரிமையை, பதிவான கிரயப் பத்திரமும் வாங்கியவருக்குத் தந்துவிடாது. உங்களுக்கு இது பாலபாடம். மூன்றரை லட்சம் கட்டியவருக்கு இதை எந்தக் கட்டத்தில், யார் சொல்கிறார்கள்?

என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது இது: "ஈசி போட்டுப் பார்த்துட்டேன் சார், சுத்தமா இருக்கு. ஒரு ஒப்பீனியன் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

ஈசி என்று அவர்கள் சொல்லும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சொத்தில் வில்லங்கமே இல்லாதிருக்கலாம். அல்லது தேடிய விதத்தில் அது சிக்காமல் போயிருக்கலாம். சான்றிலேயே ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். விண்ணப்பித்தவர் சொத்தை எப்படி விவரித்தாரோ அதை வைத்தே தேடினோம், அதே சொத்து வேறொரு பத்திரத்தில் வேறு விதமாக விவரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பத்திரம் இதில் வராது என்பது அதன் சாரம். அந்தத் தாளிலேயே முக்கியமான வரி அதுதான். அதைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டவர்கள் மிகச் சிலர்.

ஒரு மனை இன்றைக்கு 112/3பி என்ற சர்வே எண்ணில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் அது வெறும் 112/3. அந்தக் காலத்தில் யாரோ அடமானம் வைத்திருப்பார்கள், அல்லது அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்திருப்பார்கள். அதற்கும் முன்னால் ஊருக்கு மறு நில அளவை நடந்து பழைய எண்ணே மாறியிருக்கும். நகரத்துக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இன்னொரு முகவரி. வாங்குபவர் இன்றைய பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு 112/3பி என்று மட்டும் தட்டுகிறார். கணினி, கேட்டதற்குப் பதில் சொல்கிறது. அவர் கேட்கத் தவறியதற்கு அதில் பதில் இருக்காது. நாங்கள் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு சொத்து விவரத்தையும் எழுதிவைத்து, பழைய எண், தாய் எண், உட்பிரிவு எண், கதவு எண் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்போம். எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணானது என்ற பட்டியல் வருவாய்த்துறையிடம் இருக்கிறது. உங்கள் இணையதளத்தில் 112/3பி என்று தட்டியதும், "இதன் தாய் எண் 112/3, பழைய எண் இன்னது, அவற்றிலும் தேடவா?" என்று கேட்கச் செய்வது நடக்காத காரியமா? இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். (அதுதான் கஷ்டம் என்பீர்கள். தெரியும்.)

சரியாகத் தேடினாலும் அகப்படாதவை உண்டு. பதிவான உயில் 3-ஆம் புத்தகத்தில் ஏறுகிறது, வில்லங்கத்தில் தெரியாது. பதியாத உயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவில் நீதிமன்றத்தில் நடக்கும் பாகவழக்கு பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு.

எல்லாவற்றையும் விட அதிகம் சிக்கல் தருவது வாரிசுகள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார். இரண்டு மகன்கள் விற்க வருகிறார்கள். "தங்கச்சிக்குச் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்கிறார்கள். அவர் கேட்காமலிருப்பது அவர் குணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அவருக்கு மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. அவரும் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட்டால், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தந்தால்தான் அது தீரும். தங்கையையாவது நினைவு வைத்திருக்கிறார்கள். அடியோடு மறந்துபோவது பாட்டியை. அப்பா இறந்தபோது அவருடைய தாய் உயிரோடிருந்தால் மனைவி, மக்களோடு அந்தத் தாய்க்கும் சம பங்கு. பிறகு பாட்டியும் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் அந்தப் பங்கு அவர் பெற்ற மற்றப் பிள்ளைகளுக்கும் போகிறது. வீட்டுக்கு ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்காத சித்தப்பாவும் அத்தையும் அப்படித்தான் பங்காளிகள் ஆகிறார்கள். இதில் யாரும் மோசடி செய்யவில்லை. விற்பவர்களுக்கே தெரியாது. வில்லங்கச் சான்றிலும் ஒரு வரி இராது, ஏனென்றால் சாவு உங்கள் அலுவலகத்தில் பதிவாவதில்லை.

"பேங்க்லயே லீகல் பார்த்து லோன் குடுத்துட்டாங்களே" என்பது அடுத்த ஆறுதல். அந்தக் கருத்துரை வங்கியின் கடனைக் காப்பதற்கு எழுதப்படுவது. கட்டணம் கட்டிய வாடிக்கையாளர் கையில் அதன் நகல்கூடப் பல நேரம் வருவதில்லை.

சார்பதிவாளரே உரிமையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வழியில் போய்ப் பார்த்தாயிற்று. மோசடிப் பத்திரத்தை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் தந்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. முந்தைய மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவோம் என்ற 55-ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று தெளிவாகவே சொன்னது. அதன்பின் சட்டப்பேரவை ஒரு திருத்தமும் நிறைவேற்றியது. அந்த இழுபறி ஒருபுறம் இருக்கட்டும். உரிமைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றால், பொறுப்பில்லை என்பதை மக்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. வில்லங்கச் சான்றின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் நாலு வரி போதும்: இதில் உயில் வராது. இறந்தவரின் வாரிசுகள் வரமாட்டார்கள். நிலுவை வழக்கு வராமல் போகலாம். பழைய சர்வே எண்ணிலும் தேடுங்கள்.

முன்பணம் விஷயத்திலும் இப்படி ஒரு வரி தேவை. 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது தமிழ்நாட்டில் கட்டாயம். ஊரில் இன்னமும் முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு பேரைச் சாட்சி போட வைத்து, லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கைமாறுகிறது. இதில் விற்பவரும் மாட்டுகிறார். பாக்கித் தொகையை இழுத்தடிக்கும் பார்ட்டி அந்தத் தாளை வைத்துக்கொண்டே வழக்குப் போட்டு வீட்டை வேறு யாருக்கும் விற்கவிடாமல் முடக்கிவிட முடிகிறது.

கடைசியாக ஒன்று. சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்கிறேன். ஒரு பத்திரத்தைப் பதிய மறுத்தால் காரணத்தை எழுதி 2-ஆம் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பத்திரத்திலும் 'பதிவு மறுக்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு. அந்த உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 72. நான் போய் நின்ற சில அலுவலகங்களில் நடப்பது வேறு. டோக்கன் போட்டு, வரைவோலை எடுத்து, வெளியூரிலிருந்து வாரிசுகளையெல்லாம் கூட்டிவந்து காத்திருப்பார்கள். உள்ளேயிருந்து, "இதுல கொஞ்சம் பிரச்சினை இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று வாய்வார்த்தையாகப் பதில் வரும். என்ன பிரச்சினை என்று கேட்டால் பத்திர எழுத்தரைக் கேட்கச் சொல்வார்கள். மறுப்புச் சீட்டு கேட்டால் முகம் மாறும். வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது. டோக்கன் எண் விழுந்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் அன்று மாலைக்குள் இரண்டில் ஒன்று கணினியில் ஏறியாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: பதிவு எண், அல்லது கையெழுத்திட்ட மறுப்புக் காரணம். இதற்குச் சட்டத் திருத்தமோ நிதியோ வேண்டியதில்லை. தங்கள் கையெழுத்து ஒன்று போதும்.

இப்படிக்கு,
பத்திரம் படித்துப் பிழைக்கும் ஒரு வழக்கறிஞர்